பந்திக்கு மட்டும் நிபந்தனை

"கர்த்தர் உன்மேல வச்சிருக்கற அன்பு ஒரு துளிகூடக் குறையலம்மா."

"அப்ப கமிட்டி எதுக்கு எனக்கு லெட்டர் போட்டிருக்கு?"

"அது அன்பு சம்பந்தப்பட்டது இல்ல. ஒழுங்கு சம்பந்தப்பட்டது."

"சின்ன வயசுல நாம பண்ணாத சேட்டையா? அம்மா எப்பவாவது சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, 'உன்மேல இருக்கற பாசம் குறையலடா'ன்னு சொல்லியிருக்காங்களா?"

"நீ எல்லாத்தையும் சாப்பாட்டோட சேர்த்துப் பேசற."

"திருவிருந்துன்னு பேர் வச்சது நானா?"

ஒன்பது வருடங்களுக்கு முன், என் பேக்கரியின் பின்பக்க அறையில், மைதா மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு அண்ணன் என்னோடு பேசிய பேச்சு இது. அண்ணன் எங்கள் சபையின் பாஸ்டர். பின்பக்கமெல்லாம் மாவு ஒட்டியிருப்பது தெரியாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான். நான்கே வரி. முதல் கணவர் உயிரோடு இருக்கும்போது செய்துகொண்ட இரண்டாம் திருமணத்துக்காக மனம் வருந்துகிறேன், அது பாவம் என்று ஒப்புக்கொள்கிறேன், சபையின் மன்னிப்பைக் கோருகிறேன், இப்படி. கீழே புள்ளி வைத்த ஒரு கோடு. அதில் கையெழுத்துப் போட்டால் திருவிருந்துக்கு வரலாம். போடாதவரை விலக்கு.

"ஒரு கையெழுத்துதானே," என்றான்.

"உனக்கு அது கையெழுத்து. எனக்கு அது புருஷன்," என்றேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றான். இருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கேட்டு வாங்கினால் அது என்ன அன்பு என்ற வீம்பில் விழுங்கிவிட்டேன். "ரஸ்க் சூடா இருக்கு. அண்ணிக்கு எடுத்துட்டுப் போ," என்றேன். எடுத்துக்கொண்டு போனான். அன்று விழுங்கியது இன்றுவரை செரிக்கவில்லை.

என் முதல் கல்யாணத்தைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை. அவன் கை நீட்டுகிறவன். இரண்டு வயது மகள் என் இடுப்பில் இருக்கும்போது அறைந்த ஓர் அறையில் என் இடது காது போனது. மறுநாள் டாக்ஸி பிடித்து வந்து என்னையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனவன் அண்ணன்தான். என் கழுத்தில் வழிந்து காய்ந்திருந்த ரத்தத்தைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தவனும் அவன்தான். விவாகரத்தாகி, சில வருடம் கழித்து நான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டபோது, 'பிரிவதற்குப் போதிய காரணம் இருந்ததா' என்று கமிட்டி இரண்டரை மணி நேரம் விவாதித்தது. தலைமை நாற்காலியில் இருந்த அண்ணன், சொந்தத் தங்கை விஷயம் என்பதால் நடுநிலை காத்தான். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

விலக்கு என்றால் ஆலயத்துக்குள் வரக்கூடாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாராளமாக வரலாம். பாடலாம், காணிக்கை போடலாம், நாற்காலி துடைக்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நேரத்தில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். முதலில் அண்ணன் அப்பத்தைப் பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொள்வான். பிறகு பெஞ்சு பெஞ்சாக எழுந்து போய், முன்னால் இருக்கும் மரத்தடுப்பின் அருகே முழங்கால் போடுவார்கள். எங்கள் பெஞ்சின் முறை வரும்போது நான் கால்களை ஒரு பக்கமாக மடக்கிக்கொள்வேன், மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போக வேண்டுமே. "கொஞ்சம் வழி," என்பார்கள் சிலர். சிலர் என் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். தட்டுகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

முழங்கால் போட முடியாத முதியவர்களை விட்டால், அந்த நேரத்தில் பெஞ்சுகளில் மிச்சம் இருப்பவர்கள் நானும், திருவிருந்துக்கு இன்னும் வயது வராத பிள்ளைகளும்தான். என் மகள் ஐந்து வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் படம் வரைவாள். பாஸ்டரின் காது, சபைச் செயலாளரின் மூக்கு என்று தனித்தனியாக. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் தொடையில் கிள்ளுவேன். ஒன்பது வருடமாக அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் கடந்தது அப்படித்தான்.

அந்த அப்பத்தைச் சுடுவது யார் என்று சொல்லவில்லையே. நான்தான்.

ஏழு வருடமாக. முன்பு கடையில் பாக்கெட் ரொட்டி வாங்கி ஓரம் வெட்டி வைப்பார்கள். அது உதிர்ந்து, கம்பளமெல்லாம் துகள். அண்ணிதான் வந்து, "நீ சுட்டா நல்லா இருக்கும்," என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். யார் சாப்பிடக்கூடாது என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. யார் சுடக்கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. அனுமதி கிடைத்தது. நானும் ஒப்புக்கொண்டேன். ரோஷம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் என்னைத்தான் விடவில்லை, என் கை பட்டதாவது அந்த மேஜைக்குப் போகட்டும் என்று ஓர் ஆசை.

சனிக்கிழமை மத்தியானம் பன், ரஸ்க் வேலையெல்லாம் முடிந்த பிறகு அதைச் சுடுவேன். கோதுமை மாவு, உப்பு, ஈஸ்ட், தண்ணீர். சர்க்கரை கிடையாது, நெய் கிடையாது. வெந்ததும் திருப்பிப் போட்டு, அடியில் விரலால் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டுகிற சத்தம் வர வேண்டும். என் நல்ல காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பேன். அந்த ஓவன் முன்னால் நின்றுதான் நான் கடவுளிடம் சண்டை போடுவது. ஜெபம் என்று பொய் சொல்ல மாட்டேன், சண்டைதான். 'உன் வீட்டில், உன் பேரில் நடக்கிற பந்தி. என்னைக் கால் மடக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். நீ ஏன் வாய் திறக்கவில்லை? அண்ணன் மாதிரி நீயும் நடுநிலையா?' பதில் வந்ததில்லை. ஓவன் மணிதான் அடிக்கும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு தவறு நடந்தது. அண்ணன் ஊரில் இல்லை. வெளியிலிருந்து ஒரு வயதான பாஸ்டர் வந்திருந்தார். முழங்கால் போட முடியாதவர்களுக்குக் கொடுப்பதற்காகத் தட்டோடு அவரே பெஞ்சுகளுக்கு இறங்கி வந்தார். எங்கள் பெஞ்சில் மகளோடு நான் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எனக்கும் முழங்கால் வலி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "உனக்காகக் கொடுக்கப்பட்டது," என்றார். என் கை தானாக விரிந்தது. அதற்குள் செயலாளர் வேகமாக வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். நீட்டிய கை அப்படியே பின்னால் போனது. அந்தத் துண்டைப் பின் பெஞ்சில் இருந்த பெரியவருக்குக் கொடுத்துவிட்டார். நான் சுட்டது. நான் தட்டிப் பார்த்தது. விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். மகள் படம் வரைவதை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

இப்போது பதினான்கு. இந்த ஞாயிறு அவளுக்கு முதல் திருவிருந்து.

வியாழக்கிழமை காலை டெலிவரிக்குப் போகும்போது ஆலய வாசலில் புது பேனரைப் பார்த்தேன். அண்ணனின் புகைப்படம், புன்னகையோடு. பக்கத்தில் பெரிய எழுத்தில், 'அவர் அன்புக்கு நிபந்தனை இல்லை. முதல் ஞாயிறு சிறப்புச் செய்தி. அனைவரும் வருக.' வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனைவரும் வருகவாம். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு.

கடைக்கு வந்தால் செயலாளர் காத்திருக்கிறார். ஓய்வு பெற்ற பரீட்சை அதிகாரி. எதையும் நேர்கோடாக அடுக்கி வைப்பவர். என் கணவர் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்கேல்'. என்னை எப்போதும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"ரஸ்க் கால் கிலோ, சிஸ்டர். அப்படியே ஞாயித்துக்கிழமை ஆராதனை நிகழ்ச்சி நிரல் ஒண்ணு உங்ககிட்ட காட்டிடலாம்னு."

வாங்கிப் பார்த்தேன். முதல் திருவிருந்து எடுக்கும் ஆறு பிள்ளைகளின் பெயர்கள். எதிரே, அவர்களோடு முழங்கால் போட்டு அப்பம் வாங்கப் போகும் பெற்றோர். என் மகள் பெயருக்கு எதிரே, 'அத்தை (தாய்க்குப் பதிலாக)'.

"அத்தைன்னா?"

"நம்ம பாஸ்டரம்மா. பிள்ளை தனியா நிக்கக் கூடாதேன்னுதான். ஒரு அன்பின் அடிப்படையில."

"தாய்க்குப் பதிலாகன்னா, தாய் செத்துப் போயிட்டாளா சார்?"

"சிஸ்டர், அப்படி எடுத்துக்கக் கூடாது."

"எப்படி எடுத்துக்கணும்? அதையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கலாமே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். ஃபைலைத் திறந்து அந்த நான்கு வரித் தாளை எடுத்தார். ஒவ்வொரு வருடமும் கொண்டுவருவார். "இந்தத் தடவை கமிட்டி பெருந்தன்மையா ஒரு திருத்தம் பண்ணியிருக்கு. 'பாவம்'ங்கறதை எடுத்துட்டு 'தவறு'ன்னு போட்டிருக்கோம். நான்தான் பேசினேன். போட்டுட்டீங்கன்னா நிகழ்ச்சி நிரலைத் திருத்தி வேற பிரிண்ட் எடுத்துடலாம். நீங்களே பொண்ணு பக்கத்துல முழங்கால் போடலாம்."

"சனிக்கிழமைக்குள்ள வேணுமா?"

"ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னாடி குடுத்தாக்கூடப் போதும்."

ரஸ்க்கை எடை போட்டுக் கொடுத்தேன். முகம் எரிந்தது. ஓவன் சூடு என்று சொல்லிக்கொள்ள வசதியான தொழில் எனக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தாள் எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. என் கணவர் அதை இரண்டு முறை படித்தார். அவர் லிப்ட் மெக்கானிக். எந்த ஆலயத்துக்கும் போகாதவர். வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடிகிறவரைக்கும் எதிர்ப் பக்கம் நிழலில் நின்று பேப்பர் படிப்பவர். நாங்கள் சந்தித்ததே ஒரு லிப்டால்தான். பன் டிரேயோடு நான் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். மின்சாரம் வரும்வரை நாற்பது நிமிடம், கதவுக்கு அந்தப் பக்கம் மனிதர் தரையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். "பயப்படாதீங்க, நான் எங்கயும் போகல," என்பதையே பத்து விதமாகச் சொன்னார். கதவு திறந்ததும் முதல் காரியமாக ஒரு பன் கேட்டார்.

"போட்டுடு மொதலாளி," என்றார் இப்போது.

"என்ன சொல்றீங்க?"

"ஒரு கையெழுத்து. நாலு பேர் பாக்கற இடத்துல மேடம் பக்கத்துல அவ அம்மா இருக்கணும். அதான் முக்கியம்." மகளை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்கள்ல? உங்களைக் கட்டிக்கிட்டது தப்புன்னு எழுதியிருக்கு."

"என்னைக் கட்டிக்கிட்டது தப்புன்னு எங்க அக்கா ஒன்பது வருஷமா சொல்லுது. ஒரு கையெழுத்தும் இல்லாம."

"விளையாடாதீங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துல உங்களைத்தான் முதல்ல மாவுல போட்டுப் பிசையப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "'மனம் வருந்துகிறேன்'னு ஒரு இடத்துல வருதுல்ல," என்றார் மெதுவாக. "அப்படி ஏதாவது... இருக்கா உனக்கு?"

இந்த மனிதரை இப்படிக் கேட்க வைத்துவிட்டார்களே என்று எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. என்னைப் பெஞ்சில் உட்கார வைத்ததைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருந்தது. ஒன்பது வருடம் நிழலில் நின்று பேப்பர் படித்த மனிதரின் மனதில் இந்தக் கேள்வியைப் போட்டதை மன்னிக்க முடியாது.

"இன்னொரு தடவை கேட்டீங்கன்னா நான் அழுதுடுவேன். அழுதா நாளைக்கு மாவு பிசைய முடியாது. கடைக்கு லீவு. நஷ்டத்தை நீங்கதான் தரணும்," என்றேன்.

"அப்ப கேக்கல," என்றார். ஆனால் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அதுவரை மூலையில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்த மகள் வாயைத் திறந்தாள். "கடவுள் நிபந்தனை இல்லாம நேசிக்கிறாரான்னு திருவிருந்து வகுப்புப் பரீட்சையில ஒரு கேள்வி வந்துச்சும்மா."

"என்ன எழுதின?"

"'ஆம். எங்க அம்மாவைத் தவிர'ன்னு எழுதினேன்."

"மாமா எவ்வளவு மார்க் போட்டார்?"

"பாதி. 'ஆம்' மட்டும் சரியாம்." பிறகு, "நான் ஞாயித்துக்கிழமை எந்திரிக்கவே போறதில்ல. உன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். படம் வரைஞ்சுக்கிட்டு," என்றாள்.

எவ்வளவு சுலபம். தலையாட்டினால் போதும், இன்னும் பல வருடங்களுக்கு எனக்குத் துணை உறுதி. பாழாய்ப்போன மனம் ஒரு நொடி சபலப்படத்தான் செய்தது.

"நீ எந்திரிச்சுப் போவ," என்றேன். "அது உனக்கு உரியது. என் சண்டையை உன் தலையில கட்டிட்டு நான் நிம்மதியா இருக்க முடியாது. அந்த அப்பம் எனக்கு விளையாட்டு இல்லடி. விளையாட்டா இருந்தா எப்பவோ எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேனே."

"அப்ப நீ தனியா இருப்பியே."

"இருப்பேன்."

அதைச் சொல்லும்போது குரல் என்னவோ உறுதியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அப்பம் சுட்டேன். அந்த ஒரு நாள் நான் ஓவன் முன்னால் எதுவும் கேட்கவில்லை. தட்டிப் பார்த்தேன், சத்தம் சரியாக இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றினேன்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பு, ஆலயத்தின் பக்கவாட்டில் இருக்கும் பாஸ்டரின் சிறிய அறைக்குள் போனேன். ஒரு மேஜை, ஒரு கண்ணாடி, ஆணியில் தொங்கும் அங்கிகள், மூலையில் பழைய பாட்டுப் புத்தகங்களின் கட்டு. அண்ணன் அங்கியை மாட்டிக்கொண்டு கழுத்துப் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தான். வயதாகிவிட்டது அவனுக்கு. வழக்கமாக நான்தான் போய்ப் பட்டனைப் போட்டுவிடுவேன். அன்று போடவில்லை. அப்பத்தை மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் அந்தத் தாளை வைத்தேன்.

அவன் அவசரமாகப் பிரித்துப் பார்த்தான். புள்ளிக் கோடு காலியாக இருந்தது.

"போடலையா?" அவன் முகம் தொங்கிவிட்டது. "நான் ரொம்ப நம்பினேன். பாப்பாவுக்காகவாவது..."

"அவளை இதுக்குள்ள இழுக்காத. பேனர் பார்த்தேன். போட்டோ நல்லா இருக்கு."

"கிண்டல் பண்ணாத. அதுல எழுதியிருக்கறது உண்மை. கடவுளோட அன்புக்கு நிபந்தனை கிடையாது. நான் அதை மனசார நம்பறேன்."

"அப்ப பந்திக்கு மட்டும் எதுக்கு?"

"அன்பு வேற, சபையோட ஐக்கியம் வேற. ஐக்கியத்துக்கு மனந்திரும்பணும். காய்ச்சல்காரனுக்கு டாக்டர் பத்தியம் சொல்றார். அன்பு இல்லாமலா சொல்றார்?"

"எனக்கு என்ன காய்ச்சல்ணா? அடி வாங்காம இருக்கறதா? ராத்திரி பயப்படாம தூங்கறதா? இதுலருந்து மனந்திரும்பி நான் எங்க போகணும்? அவன்கிட்டயா?"

"மெதுவா பேசு. வெளியில ஆள் இருக்கு."

"ஒன்பது வருஷம் மெதுவாத்தான் பேசினேன். ஆண்டவர் முதல் திருவிருந்து குடுத்த அன்னைக்கு அந்த மேஜையில யார் யார் இருந்தாங்கன்னு நீதானே வருஷாவருஷம் பிரசங்கம் பண்ற. அவரைக் காட்டிக்குடுக்கப் போறவனும் அங்கதானே இருந்தான்? அவன் மனசுல என்ன இருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் பிட்டுக் குடுத்தார்ல? அவன் என்ன, நாலு வரியில கையெழுத்து போட்டுட்டா உக்காந்தான்?"

அண்ணன் படித்தவன், அதற்கும் ஏதாவது விளக்கம் வைத்திருப்பான். ஆனால் பட்டனை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கமிட்டியில அன்னைக்குக் காரணம் இருந்ததான்னு கேட்டப்ப நீ ஏன் சும்மா இருந்த?" என்றேன். இதையும் ஒன்பது வருடமாகக் கேட்டதில்லை.

"தங்கச்சிக்காகப் பேசறான்னு சொல்லுவாங்க."

"சொன்னா?"

"பயம்," என்றான். "வேற என்ன. இப்பவும் அதுதான். நான் உனக்கு அப்பம் குடுத்தா அடுத்த வாரமே என்னை இங்கருந்து மாத்திடுவாங்க. ஒவ்வொரு முதல் ஞாயிறும் உங்க பெஞ்சு வரும்போது நான் தட்டைக் குனிஞ்சு பார்த்துக்குவேன். உன்னைப் பார்க்க மாட்டேன். உனக்குத் தெரியாது."

"தெரியும். எனக்குக் காதுதான் ஒண்ணு போச்சு. கண்ணு ரெண்டும் இருக்கு."

கதவு தட்டப்பட்டது. செயலாளர் தலையை மட்டும் நீட்டினார். "பாஸ்டர், பத்து நிமிஷம். சிஸ்டர், அந்த ஃபார்ம் ரெடியா? இல்லன்னா பாஸ்டரம்மாவை முன் வரிசைக்கு வரச் சொல்லிடறேன்."

"வரச் சொல்லுங்க சார்," என்றேன். "பிள்ளை தனியா இருக்கக் கூடாது. அண்ணி கையைப் பிடிச்சுக்கட்டும்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு போனார். உள்ளே ஆலயத்தில் யாரோ வாத்தியத்தைச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. பெஞ்சுகள் நகர்ந்தன. என் மகள் அங்கே முன் வரிசையில், புது உடையில், திரும்பித் திரும்பி இந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க," என்றான் அண்ணன். குரலில் இப்போது அவனுக்கும் கோபம் இருந்தது. "கமிட்டி ஒண்ணு கேக்குது, மேலிடம் ஒண்ணு கேக்குது. நீ மட்டும் ஒண்ணும் கேக்க மாட்ட. வர்ற, அப்பத்தை வைக்கற, ஒரு பார்வை பார்க்கற, போற. ஏழு வருஷமா அந்தப் பார்வையில நான் செத்துக்கிட்டிருக்கேன். உனக்கு என்கிட்டருந்து என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லியிருக்கியா ஒரு நாளாவது?"

"கேட்டாத்தான் கிடைக்கும்னா அதுவும் ஒரு நிபந்தனைதானேன்னு இருந்தேன்."

"இருந்துட்டே இரு," என்றான்.

எழுந்து கண்ணாடி முன்னால் போய் மறுபடி பட்டனைப் பிடித்தான். அது நழுவிக்கொண்டே இருந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். இந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் டாக்ஸியின் பின் இருக்கையில் அந்த வீட்டை விட்டு வந்தேன். வீம்பாவது ஒன்றாவது. இன்றைக்கு விழுங்கினால் இனிமேல் நான் வாயே திறக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு அப்பம் வேண்டாம்," என்றேன். "உன்னால குடுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதை நான் கேக்கல. கமிட்டியோட சண்டை போடுன்னும் கேக்கல. அந்தத் தாளைக் கிழின்னும் கேக்கல."

அவன் திரும்பினான்.

"இன்னைக்கு என் பொண்ணு எந்திரிச்சுப் போயிடுவா. என் பெஞ்சுல யாரும் இருக்க மாட்டாங்க. முதல்ல நீதான் பிட்டு வாயில போட்டுக்குவ, அப்புறம்தான் மத்தவங்க. இன்னைக்கு நீ போட்டுக்காத. எல்லாருக்கும் குடு, என் பொண்ணுக்குக் குடு, அந்த ஸ்கேலுக்கும் குடு. உனக்கு மட்டும் எடுத்துக்காத. தங்கச்சிக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்னு தட்டை அங்க வச்சுட்டு, இறங்கி வந்து என் பக்கத்துல உக்காருண்ணா."